பெயர் சொல்லக்கூடாத கண்

அத்தியாயம் பதினொன்று

ஜிபார்கூல் போன வாரம் தன் மாமனாரின் கண்ணைப் படமெடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டாள். உடனே மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

அவளிடம் காரணம் இருந்தது. மாமனாரின் பெயரை மருமகள் உச்சரிக்கக்கூடாது. சரி-புலாக் கிராமத்தில் இன்றைக்கும் அப்படித்தான். பஜாரில் ஆட்டு வியாபாரியின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டுகிற மருமகள்கூட மாமனார் பெயர் வருகிற இடத்தில் வாயைப் பொத்திக்கொள்வாள். ஜிபாருக்குக் கூடுதல் கஷ்டம். அவள் மாமனார் பெயரின் முற்பாதிக்குச் 'சுகம்' என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருத்தரையும் சுகமா என்று கேட்டதில்லை. கிராம மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவளுக்கு இது சங்கடம்தான். "உடம்பு முன்ன மாதிரி இருக்கா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பாள். அவர்களும் முன்னைவிட மோசம் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தலைநகரிலிருந்து வந்த கண் காமிராவுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. பெயரை அடித்தால்தான் வேலை செய்வேன் என்றது. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் யாராவது இருந்தால் அவர் கண்ணைப் படமெடுத்து வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். மாமனார் முகவாயை நீட்டி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மாமியார் புருல்சா. ஜிபாரின் விரல் எழுத்துகளின் மேல் போய் நின்றது. இறங்கவில்லை. முந்தைய நாள் அடித்த அவள் பெயரே அதில் இருந்தது. அப்படியே அமுக்கிவிட்டாள்.

வெளிச்சம் பளிச்சென்று அடித்ததும் மாமனார் ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் தெரியுறானா?"

அவன் என்பது குதிரைக்காரன்.

தலைநகருக்கு வேன் ஓட்டுகிற மாமனாருக்குக் கோடை முடிவிலிருந்து மலைப்பாதையில் ஒரு குதிரைக்காரன் தென்படுகிறான். கறுப்பாக, முகம் இல்லாமல், வேனுக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறான். மாமனார் வேகத்தைக் குறைத்து, நெஞ்சில் கை வைத்து, ஆளில்லாத ரோட்டுக்கு சலாம் சொல்வார். முதலில் பயணிகள் பயந்தார்கள். பிறகு யாரோ ஒருவர், அது முன்னோர் ஆவி, வழித்துணைக்கு வருகிறது என்று சொல்ல, ஊருக்குப் பக்தி வந்துவிட்டது. ஆவியின் துணையோடு போகிற வேனை விட்டு வேறு வேனில் ஏறுவார்களா? மற்ற டிரைவர்கள் வெயிலில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்க, இவர் வண்டியில் மட்டும் இடுப்பு மேல் இடுப்பாக உட்கார்ந்து போனார்கள். "பைக்கே, அவரைப் பார்த்தா எங்கப்பா அந்த வெள்ளிச் சேணத்தை எங்க புதைச்சார்னு கேட்டுச் சொல்லுங்க," என்று விண்ணப்பம் கொடுத்தவர்களும் உண்டு. பெரியவர்களை ஊரில் மரியாதையாகப் 'பைக்கே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜிபாரின் கணவன் மிர்லானுக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. பணம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. வேன் ஓடினால்தான் வீடு ஓடும்.

இன்றைக்குப் பயிற்சியின் கடைசி நாள்.

*

தடுப்பூசி அறையின் ஜன்னல்களில் கம்பளியை ஆணியடித்து இருட்டாக்கியிருந்தார்கள். காலை பத்து மணி அந்த அறைக்குள் மட்டும் நடுச்சாமமாக இருந்தது. இருட்டில் உட்கார்ந்தால்தான் கண்மணி விரியும், விரிந்தால்தான் உள்ளே படம் விழும். நர்ஸுகள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணின் உட்புறங்கள் எழுந்தன. செம்மஞ்சள் நிலாக்கள். ஓரத்தில் வெளிறிய ஒரு வட்டம், அதிலிருந்து கிளைக்கிற சிவப்பு ஆறுகள்.

"மனுஷனுக்குள்ள எப்பவும் சாயங்காலமா இருக்குமா?" என்றாள் மூத்த நர்ஸ் சோனுன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் பார்க்கலாமா? பாவமில்லையா?" என்றாள்.

"வெளிறின வட்டம் மூக்குப் பக்கம். அதை வச்சு வலதா இடதான்னு பாருங்க. பாவத்தை அப்புறம் பார்க்கலாம்," என்றாள் பயிற்சி கொடுக்க வந்த வேரா பாக். தலைநகர் பிஷ்கேக்கில் பிறந்த கொரியப் பெண். குரலில் ஈரமே இருக்காது. "அடுத்து யாரு?"

தலைமை மருத்துவர் தாஷ்தான்பெகோவ் எழுந்தார். அவர் எழுந்தால் தொப்பை முதலில் எழும். பதவி பிறகு எழும். தலைநகரில் நடக்கப்போகிற மாநாட்டுக்கு இன்று மத்தியானம் கிளம்புகிறார். 'பார்வையிழப்புக்கு எதிராக என் போர்' என்பது அவருடைய உரை. போருக்குப் போகுமுன் தன் கண்ணின் படமும் உரையில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"பச்சை விளக்கைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க. இமைக்காதீங்க."

பளிச்.

திரை கறுப்பாக இருந்தது.

"மறுபடியும்," என்றார் அவர்.

மறுபடியும் கறுப்பு. இன்னொரு கறுப்பு.

"மிஷின் கோளாறு."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, டாக்டர். வெளிச்சம் வரும்போது நீங்க கண்ணை மூடிக்கிறீங்க."

"நான் மூடவே இல்லை."

"மூடுறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

இருட்டில் யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக்குவதில் சரி-புலாக் நர்ஸுகளுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

அப்போது வேராவின் போன் அதிர்ந்தது. வீட்டுப்பாடப் படங்களைப் பார்த்த தலைநகர் கண் டாக்டரின் பதில். வேரா படித்தாள். தலையைத் தூக்கி இருட்டில் ஜிபாரைத் தேடினாள். "ஜிபார், கொஞ்சம் வெளியே..." என்று ஆரம்பிப்பதற்குள் தாஷ்தான்பெகோவ் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டார். கண்ணை மூடாமல் அவர் செய்த ஒரே காரியம் அது.

"ஜிபார்கூல். ரெண்டு கண்ணுலயும் ரத்தக் கசிவு. உடனே தலைநகர் வரணும். தாமதிச்சா பார்வை போயிடும். வண்டி ஓட்டவே கூடாது." நிமிர்ந்தார். "அந்தக் கவலை நமக்கில்லை. அவ எங்க ஓட்டுறா?"

சோனுன் "ஐயோ" என்று ஜிபாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் குளிர்ச்சியை அவள் வேறு விதமாகப் புரிந்துகொண்டாள்.

ஜிபாருக்கு அதில் ஒரு வாக்கியம்தான் கேட்டது. அந்த வாக்கியம் மட்டும் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. வண்டி ஓட்டவே கூடாது.

தாஷ்தான்பெகோவ் அங்கேயே ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். அடுத்தவர் கண்ணைக் காக்கிற வேலையில் தன் கண்ணைக் கொடுத்த நம் சகோதரி என்றார். இதை மாநாட்டில் சொல்வேன் என்றார். "நானும் இன்னிக்கு உன் மாமனார் வேன்லதான் போறேன். நீயும் வா. நானே உன்னை ஆஸ்பத்திரியில ஒப்படைக்கிறேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற குதிரை லாயத்துப் பக்கம் நடந்தார். நர்ஸுகள் செய்தியோடு நாலு திசையிலும் கலைந்தார்கள்.

அறையில் வேராவும் ஜிபாரும் மட்டும் இருந்தார்கள். வேரா திரையில் இரண்டு நிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது முதல் நாள் நானே எடுத்த உன் கண்ணு. இது உன் பேர்ல அனுப்பினது. ஆறு பிரியுற விதத்தைப் பாரு. ரெண்டும் வேற வேற ஆளு."

ஜிபார் முதல் படத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவதன் நடுவில் கறுப்பாக ஒன்று நின்றது. சின்னத் தலை, கூன் விழுந்த உடம்பு, அதன் கீழே குதிரையுடையது போல் சரிந்து இறங்குகிற முதுகு. அவள் பார்க்கப் பார்க்க அது நின்றுகொண்டே இருந்தது.

"அந்தக் கறுப்பு?"

"ரத்தம். சர்க்கரையில குழாய் உடைஞ்சு கொட்டியிருக்கு. அந்த மனுஷனுக்கு எதிர்ல ஏதோ நிக்கிற மாதிரி இருக்கும். திரும்பினா அதுவும் கூடவே திரும்பும்."

"நாம போகப் போக, முன்னாலயே போயிட்டிருக்கும்."

"ஆமா." வேரா அவளைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்? யாரு இது?"

"வீட்டு ஆளு."

"அப்போ அவரையும் அதே வேன்ல ஏத்திக்கோ. பின் சீட்டு வேண்டாம், குலுங்கும். முன்னால உட்கார வை."

முன்னால்தான் உட்காருவார் என்று சொல்ல ஜிபார் வாயைத் திறந்தாள். கதவு திறந்தது. வெளி வெளிச்சத்தோடு தாஷ்தான்பெகோவ் நின்றார்.

"சொல்லிட்டேன். உன் மாமனார் போன்லயே அழுதுட்டார். டீசல் போட்டுக்கிட்டிருக்கார். பெரிய மனுஷன். போன வருஷம் அவருக்கு டிரைவர் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டப்போ நான் சொன்னேன், இந்தக் கண்ணு கழுகுக் கண்ணுன்னு."

அந்தச் சான்றிதழ் ஒரு கல்யாண விருந்தில், ஆட்டுத் தலைக்கும் பாட்டுக்கும் நடுவே கையெழுத்தானது. கழுகுக் கண்ணை யாரும் பரிசோதிக்கவில்லை. கழுகும் கேட்கவில்லை.

வேரா காமிராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவளை அழைத்துப் போக அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மத்தியானத்துக்குள் அங்கே இன்னோர் இருட்டறை காத்திருந்தது.

*

வீட்டு வாசலிலேயே எண்ணெய் வாசனை. புருல்சா மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனவர்கள் வாசனையைத்தான் சாப்பிடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பொரிப்பாள். குதிரைக்காரன் வந்த பிறகு மற்ற நாட்களிலும் பொரித்தாள். அண்டைவீட்டுப் பெண்கள் துக்கம் கேட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடி பொரித்த துண்டுகளை அள்ளிக்கொண்டு அப்போதுதான் போயிருந்தார்கள்.

ஜிபார் கதவைச் சாத்தினாள்.

"அத்தை, அது என் கண்ணு இல்லை."

புருல்சா திரும்பவில்லை. சல்லிக்கரண்டியால் ஒரு துண்டைப் புரட்டினாள்.

"உங்க கண்ணும் இல்லை," என்றாள் ஜிபார்.

"எண்ணெய் தெறிக்குது. தள்ளி நில்லு."

"மாமாவுக்குப் பாதிப் பார்வை இல்லை. எதிர்ல நிக்கிறது ஆவி இல்லை அத்தை, ரத்தம். இன்னிக்கு அவர் ஓட்டக்கூடாது. அவரை நான் தலைநகருக்குக் கூட்டிட்டுப் போகணும். அந்த இன்னொரு டிரைவர் சுல்தானோட வேன்ல போகலாம்."

புருல்சா பொரித்ததை வடித்துத் தட்டில் கொட்டினாள். அடுப்பை அணைத்தாள். அவசரமே இல்லை. முகத்தில் திகைப்பை ஜிபார் தேடினாள், கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல் பயம். ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைக் கேட்கிற முகம் எப்படி இருக்கும் என்று நர்ஸுக்குத் தெரியும்.

"சுல்தான் வேன்ல போனா ஊர் என்ன கேட்கும்?"

"கேட்கட்டும்."

"கேட்டுட்டு, நம்ம வேன்ல ஒரு ஆள் ஏறமாட்டான். உன் புருஷனுக்கு என்ன சொல்வே? உங்கப்பா குருடுன்னா?" புருல்சா தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவரே ஓட்டட்டும். அங்க போய் உனக்குப் பதிலா அவரை உட்கார வை. யாருக்கும் தெரிய வேண்டாம். திரும்பி வரும்போது கண்ணு வந்துடும்ல?"

"மலை இருக்கு அத்தை. பனி இறங்கியிருக்கு."

"நான் முன் சீட்ல இருக்கேன்."

"நீங்க இருந்து?"

"ஓதிக்கிட்டே வர்றேன்ல," என்றாள் புருல்சா. பொரித்ததை ஒரு பையில் கட்டி ஜிபாரின் கையில் திணித்தாள். "நீ எனக்குப் பின்னால உட்காரு."

கோடை முடிவிலிருந்து அவள் ஒரு பயணத்தையும் விட்டதில்லை. தலைநகரில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்பாள். தங்கைக்கு அக்காவைப் பார்த்துப் பார்த்தே சலித்துப்போயிருக்க வேண்டும்.

*

வேன் வாசலில் மாமனார் நின்றிருந்தார். பெரிய உடம்பு, வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஜிபாரைப் பார்க்கத் தலையைக் கோழி மாதிரி ஒருக்களித்துத் திருப்பினார். இத்தனை நாளும் அதை அவள் வாஞ்சை என்று நினைத்திருந்தாள்.

"மாமா, இன்னிக்கு வேண்டாம். நாளைக்குப் போகலாம்."

"ஏன், பயமா இருக்கா?" அவர் குரல் உடைந்திருந்தது. "பயப்படாதம்மா. என் கண்ணைப் பிடுங்கி உனக்கு வைக்கச் சொன்னாலும் வைக்கச் சொல்வேன்."

"அதில்ல மாமா. அந்தப் படம்..."

"உள்ள ஏறும்மா, உள்ள ஏறு," என்று தாஷ்தான்பெகோவ் பின்னாலிருந்து அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "நோயாளி நிக்கக்கூடாது. இது மருத்துவ உத்தரவு."

பதினெட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் அதற்கு மேல் ஏறியிருந்தார்கள். எல்லாரும் நோயாளிக்கு இடம் விட்டு, நாக்கைச் சப்புக்கொட்டிப் பரிதாபப்பட்டார்கள். ஒரு கிழவர் அவளைத் தேற்றினார். "கவலைப்படாதே மகளே. பைக்கே வண்டியில போனா வழியெல்லாம் காவல்."

வண்டி மலை ஏறுமுன், கீழ்ப் பாதையிலேயே சொல்லிவிடுவது என்று ஜிபார் முடிவு செய்தாள். பாலம் வந்தது. சொல்லவில்லை. கல்லறைத் தோட்டம் வந்தது, எல்லாரும் செத்தவர்களுக்காக வேண்டி முகத்தைத் தடவிக்கொண்டார்கள், சொல்லவில்லை. வாயில் வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் அதை வெளியே விட்டால் முன்னால் தெரிகிற அந்த அகன்ற முதுகு அத்தனை பேர் முன்னால் சரிய வேண்டும். அடுத்த வளைவு என்று தள்ளினாள். மலை அவளைக் கேட்காமல் ஏறத் தொடங்கியது.

பனிமூட்டம் கீழிறங்கி வந்து வேனை விழுங்கியது. கண்ணாடிக்கு வெளியே உலகம் பாலாகிவிட்டது. வலப்பக்கம் பள்ளம் இருந்தது. அது இல்லாத மாதிரி இருந்தது.

பேச்சு அடங்கியது. அந்த அமைதியில்தான் ஜிபார் மாமியாரின் ஓதலை முதல்முறையாகக் கேட்டாள். இதுவரை அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்ததில்லை. ஒரே ராகத்தில், மூச்சுவிடாமல், உதட்டை அதிகம் பிரிக்காமல் ஓதிக்கொண்டிருந்தாள். பயணிகள் தலை குனிந்திருந்தார்கள். ஜிபாரும் குனிந்தாள். பிறகு காது அந்த ராகத்துக்குப் பழகியது.

"...இடது, இடது, இன்னும் கொஞ்சம், நேரா, நேரா, கல்லு கிடக்கு வலப்பக்கம், ஒதுக்கு, போதும், லாரி வருது, நில்லு, போயிடுச்சு, போ, இடது..."

ராகம் ஒரு கணம் நின்றது.

"ஓமின்," என்று பிரார்த்தனையை முடித்து வைத்தது வேன் முழுவதும். கைகள் முகங்களைத் தடவின.

"...வளைவு, பெரிய வளைவு, இன்னும், இன்னும், திருப்பு..."

ஜிபார் எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் அந்த ராகத்தோடு திரும்பின. மாமனாரின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. ரோட்டைப் பார்க்கிறவர்களின் தலை அப்படி இருக்காது. பாட்டுக் கேட்கிறவர்களின் தலை அப்படி இருக்கும்.

மேலே போகப் போகப் பால் கெட்டியாகியது. ராகம் தட்டுத் தடுமாறியது. "நேரா" என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "நேரா". அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"ஓமின்," என்றார்கள் பின்னால்.

"கிழவி," என்றார் மாமனார் மெதுவாக.

புருல்சா கண்ணாடியைக் கையால் துடைத்தாள். புருல்சாவுக்கும் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

"பரவால்ல," என்றார் அவர். "அதோ வந்துட்டான்."

நெஞ்சில் கை வைத்தார். ஜிபார் அவர் தோளுக்கு மேல் பார்த்தாள். கண்ணுக்குள் இருக்கிற ரத்தம் அடுத்தவருக்கு ரோட்டில் தெரியாது என்று அவளுக்குக் காலையில்தான் தெரிந்திருந்தது. ஆனால் பாலுக்கு நடுவே, ரோட்டின் மத்தியில், கறுப்பாக, சின்னத் தலையும் கூன் உடம்பும் சரிந்த முதுகுமாக ஒருவன் நின்றான். அவளுக்கும் தெரிந்தான். காலையில் திரையில் பார்த்த அதே உருவம். ஒரு நொடி அவள் படித்தது, பயின்றது எல்லாம் காலுக்கடியில் கரைந்துபோயிற்று.

"சலாம், பெரியவரே," என்றார் மாமனார். கால் பிரேக்குக்குப் போகவில்லை. அவன் எப்போதும் விலகித்தானே போவான்.

குதிரை தலையை உதறியது. அதன் மூக்கிலிருந்து ஆவி எழுந்தது. ஆவிகளுக்கு மூச்சு வெண்மையாக வருவதில்லை.

"எசென்கான்," என்று ஜிபார் கத்தினாள்.

அவருக்கு அது குதிரையைவிடப் பெரிய அதிர்ச்சி. மருமகள் வாயிலிருந்து தன் பெயர். உடம்பு முழுவதும் பிரேக்கின் மேல் இறங்கியது. வேன் சறுக்கி, குறுக்கே திரும்பி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பின் சீட்டு மூட்டைகள் முன் சீட்டுக்கு வந்தன. தாஷ்தான்பெகோவ் தன் உரையின் காகிதங்களோடு சீட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன பழக்கம்?" என்றார் அவர் தரையிலிருந்து. "மாமனார் பேரையா சொல்றது?"

*

குதிரையின் மார்பு வேனின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்தவன் மந்தை மேய்க்கிறவன், நாற்பது வயதிருக்கும், தாடியில் பனி கட்டியிருந்தது. கையில் சாட்டை. இறங்காமலே டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினான்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

சாலையில் டிரைவர்கள் தினமும் வாங்குகிற கேள்வி அது. யாரும் பதில் சொல்வதில்லை.

"தெரியலை," என்றாள் புருல்சா.

வேனுக்குள் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "கோடையிலேர்ந்து தெரியலை. படத்துல இருக்கறது இவ கண்ணு இல்லை. அவரோடது."

பின்னால் யாரோ ஒருவர் கடவுளை அழைத்தார். இன்னொருவர் கதவைத் தேடினார். ஆவியின் துணையை நம்பி ஏறியவர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு இறங்கினார்கள். தாஷ்தான்பெகோவ் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டார். அவர் ஏதோ சொல்ல வேண்டும் என்று எல்லாரும் பார்த்தார்கள். விருந்தில் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை அவருக்குத் தெரிந்தே மூடினார்.

எசென்கான் வண்டியை அணைத்தார். இறங்கி, ஒரு கையால் வேனைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். ஜிபார் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை. கையை நீட்டிக் குதிரையின் கழுத்தைத் தொட்டார். உள்ளங்கை அங்கேயே நின்றது.

"சூடா இருக்கு," என்றார்.

"உசிரோட இருந்தா சூடாத்தான் இருக்கும்," என்றான் மேய்ப்பவன்.

"மாமா," என்றாள் ஜிபார். "சாவியை எங்கிட்ட குடுங்க."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாகக் கொடுப்பார் என்று தெரிந்திருந்தால் பாலத்திலேயே கேட்டிருப்பாள். அவர் முகம் மட்டும் குதிரைக்காரன் பக்கமே ஒருக்களித்திருந்தது.

"தம்பி, நீ எப்பவும் இங்கதான் நிப்பியா?"

"கோடை முடிஞ்சு மந்தை மலையிலேர்ந்து இறங்கின பிறகு, பனிமூட்டம் விழுற நாள்லயெல்லாம்."

"ஏன்?"

"எங்கண்ணன் இந்த வளைவுலதான் கிடந்தான். அவன் ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம். குதிரை செத்துப்போச்சு. அவன் கண்ணைத் திறந்து பார்க்கிறான், இன்னும் பேசலை." மேய்ப்பவன் சாட்டையைச் சுருட்டினான். "இடிச்ச வண்டி நிக்கலை. ஆளு குறுக்கே நிக்கிறதைப் பார்த்தும் நிக்காத வண்டி எதுன்னு பார்க்கத்தான் நின்னுட்டிருக்கேன். இத்தனை நாள்ல எல்லா வண்டியும் நின்னுச்சு."

அவன் குனிந்து வேனின் முகப்பைப் பார்த்தான்.

"இந்த விளக்கு மட்டும் புதுசா இருக்கே."

இரண்டு விளக்குகளில் ஒன்று மஞ்சளாக மங்கியிருந்தது. மற்றது பளபளத்தது. மலையிலிருந்து கல் விழுந்து உடைந்தது என்று அத்தை சொல்லித்தான் ஜிபாருக்குத் தெரியும். மாமனாரும் அப்படித்தான் சொன்னார். அவருக்கும் அத்தை சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

ஜிபார் திரும்பினாள். பயணிகள் எல்லாரும் ரோட்டோரம் நின்றார்கள். வேனில் ஒரே ஒருத்திதான் மிச்சம். புருல்சா முன் சீட்டில், முழங்காலில் கைகளை வைத்து, நேராக உட்கார்ந்திருந்தாள்.

ஜிபார் அந்தப் பக்கத்துக் கதவருகே போனாள்.

"அத்தை. மந்தை இறங்கின சமயம் ஒரு நாள், நீங்க ரெண்டு பேரும் ராத்திரி தங்காம அவசரமா திரும்பி வந்தீங்களே..."

"கதவைச் சாத்து, மகளே," என்றாள் புருல்சா. "குளிர் உள்ள வருது."